நடுவில் எட்டு வருஷம்

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நல்ல மழை. கோமதியைக் கூட்டி வர ஸ்கூட்டரில் அவள் கல்லூரிக்குப் போயிருந்தேன்.

கோமதி என் மனைவி. தாவரவியல் பேராசிரியை... சரியாகச் சொன்னால் இணைப் பேராசிரியை. நான் பிளஸ் டூ. ரத வீதியில் பூஜை சாமான் கடை. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு என் கடையும் தெரியும், என் ஸ்கூட்டரும் தெரியும். மனைவியை மட்டும் தெரியாது. அவளைப் பற்றி எழுதுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தேன். மூன்று வேளையும் வீட்டில்தானே சாப்பிட வேண்டியிருக்கிறது?

இந்த வாரம் அனுமதி வாங்கிவிட்டேன். "எழுதுங்க. ஆனா என்னைப் பெரிய தியாகி ஆக்கிராதிய" – அவ்வளவுதான் நிபந்தனை.

சரி, மழைக்கு வருகிறேன்.

அவளுக்கு வகுப்பு முடியவில்லை. நூலக வாசலில் ஒதுங்கி நின்றேன். நூலகர் செய்யது எட்டிப் பார்த்தார். மேலப்பாளையத்துக்காரர். சிரித்த முகம். எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷர்.

"அண்ணாச்சி, ஏன் அங்கன நின்னு நனையுதிய? உள்ள வாங்க. உங்ககிட்ட ஒரு பஞ்சாயத்து இருக்கு."

"என்கிட்டயா? நான் புஸ்தகம் எதுவும் எடுக்கலையே தம்பி."

"நீங்க எடுக்கல. மேடம்தான் ஒரு விஷயத்துல பிடி குடுக்க மாட்டேங்குதாங்க."

கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நனைந்த வேட்டியோடு உட்கார்ந்தேன். அடுத்த அரை மணி நேரத்தில் நான் படித்த படிப்பு, பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் படித்ததைவிடக் கூடுதல்.

விஷயம் இதுதான். கல்லூரியில் ஒரு பேராசிரியர் இடம் காலியாகியிருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க ஹெச் இண்டெக்ஸ் குறைந்தது எட்டு இருக்க வேண்டும். கோமதிக்கு ஆறுதான் இருக்கிறது.

ஹெச் இண்டெக்ஸ் என்றால்? எனக்கும் தெரியாது. செய்யதுதான் பொறுமையாகச் சொன்னார். ஒருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் எடுத்துக்காட்டினால் அது ஒரு சைட்டேஷன். எட்டுக் கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது எட்டு சைட்டேஷன் – அப்படி இருந்தால் ஹெச் இண்டெக்ஸ் எட்டு.

நான் எனக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன். ஒருத்தர் சாமி பாட்டு எழுதுகிறார். அவர் எழுதியதில் எட்டுப் பாட்டை, ஒவ்வொன்றையும் எட்டுக் கோயிலிலாவது பாட வேண்டும். ஒரே பாட்டை ஊர் உலகமெல்லாம் பாடினாலும் கணக்கு ஒன்றுதான். நூறு பாட்டு எழுதி யாருமே பாடவில்லை என்றால் கணக்கு பூஜ்யம்.

"அண்ணாச்சி, நான் இத்தனை வருஷமா வாத்தியார்மாருக்கெல்லாம் விளக்குதேன். யாரும் இவ்வளவு சுருக்கா பிடிக்கல" என்றார் செய்யது. கொஞ்சம் நெளிந்துகொண்டேன்.

"சரி, ஆறு எட்டாகணும். அதுக்கு என்ன செய்ய? புதுசா எழுதணுமா?"

"எழுதி, அச்சாகி, நாலு பேரு படிச்சு, எடுத்துப் போட்டு... மூணு வருஷம் ஆயிரும். கடைசி நாளுக்குப் பதிமூணு நாள்தான் இருக்கு. ஆனா எட்டு ஏற்கெனவே இருக்கு அண்ணாச்சி. இங்கன பாருங்க."

திரையில் ஒரு பக்கம். உலகத்து ஆராய்ச்சிக் கட்டுரைகளையெல்லாம் திரட்டி, ஆளுக்கொரு பக்கம் போட்டு வைக்கிற இணையதளமாம் அது. பெயர் – ஆ. கோமதி. ஆ என்றால் ஆவுடையப்பன். அடியேன்தான். ஒன்பது கட்டுரை, அறுபத்திரண்டு சைட்டேஷன், ஹெச் இண்டெக்ஸ் ஆறு.

செய்யது இன்னொரு பக்கத்தைத் திறந்தார். பெயர் – சு. கோமதி.

"இது யாரு தெரியுதா?"

தெரியாமல் என்ன? சு என்றால் சுப்பையா. என் மாமனார்.

கல்யாணத்துக்கு முந்தி அவள் எழுதியவை. ஐந்தே கட்டுரை. முந்நூற்று இருபத்து நான்கு சைட்டேஷன்.

நான் இன்னொரு தடவை பார்த்தேன். முந்நூற்று இருபத்து நான்குதான்.

"இனிஷியல் வேற, வேலை பார்த்த இடமும் வேற. அதான் கம்ப்யூட்டர் இவங்களை ரெண்டு ஆளுன்னு பிரிச்சுப் போட்டிருக்கு. சேர்த்தா சோலி முடிஞ்சுது."

"ஆறும் அஞ்சும் பதினொண்ணு!" என்றேன். கடைக்காரன் புத்தி.

செய்யது சிரித்தார். "அப்படிக் கூட்ட முடியாது அண்ணாச்சி. எல்லாத்தையும் ஒரே வரிசையில வச்சு மறுபடியும் எண்ணணும். எண்ணிட்டேன். சரியா எட்டு வருது. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

"பிறகென்ன தம்பி? ரெண்டும் ஒரே ஆளுன்னு காட்டணுமா? கல்யாணப் பத்திரிகை பீரோவுல இருக்கு. கொண்டாரட்டுமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். 'இது நான்தான்'னு மேடம் அவங்க கணக்குல போயி ஒரு தட்டு தட்டணும். மிச்சத்தை அந்த இணையதளக்காரன் பார்த்துக்கிடுவான். அதைத்தான் தட்ட மாட்டேங்குதாங்க. நாலு தடவை சொல்லிட்டேன். 'இருக்கட்டும் செய்யது, பார்ப்போம்'ங்காங்க."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோமதிக்குப் பதவி ஆசை கிடையாது. ஆனால் பேராசிரியர் ஆனால் தனி ஆய்வகம் உண்டு. மாடியில் ஓர் அறை பூட்டியே கிடக்கிறது. உள்ளே நல்ல மைக்ராஸ்கோப். அவள் படித்தது ஆற்றுத் தண்ணீரில் இருக்கிற பாசிகளை – கண்ணுக்கே தெரியாத, ஒரு சொட்டில் ஆயிரம் இருக்கிற பாசிகளை. இப்போது அவளுக்குக் கிடைப்பது முதல் வருஷப் பிள்ளைகள் வெங்காயத் தோல் வைத்துப் பார்க்கிற மைக்ராஸ்கோப். வீட்டுக்கு வந்தால் அந்தப் பூட்டின அறையைப் பற்றித்தான் பேச்சு. ஜன்னல் கிழக்கே பார்த்து இருக்கிறதாம். காலை வெளிச்சம் நேராக மேஜையில் விழுமாம்.

அப்படி ஏங்குகிறவள், ஒரு தட்டு தட்ட ஏன் மாட்டேன் என்கிறாள்?

செய்யது ஒரு தாளை நீட்டினார். இரண்டு பக்கத்தையும் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று அவரே படம் போட்டிருந்தார். எந்தெந்த வருஷம் எத்தனை கட்டுரை என்று நீலக் கட்டங்கள். மேலே, எத்தனை பேர் எடுத்துக்காட்டினார்கள் என்று ஒரு சிவப்புக் கோடு.

இடது பக்கம் ஐந்து நீலக் கட்டம். வலது பக்கம் ஒன்பது. நடுவில் வெள்ளை. பொட்டல் மாதிரி எட்டு வருஷத்து வெள்ளை.

செய்யது கள்ளமில்லாமல் கேட்டார்.

"இந்த எட்டு வருஷமும் மேடம் வெளிநாட்டுல இருந்தாங்களா அண்ணாச்சி?"

"இல்ல தம்பி... எங்க வீட்டுல இருந்தா."

மழை விட்டிருந்தது. கோமதி குடையோடு வந்தாள். "ரெண்டு பேரும் என்ன ரகசியம் பேசுதிய?" என்றாள். செய்யது புத்தக அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டார்.

வண்டியில் வரும்போது அவள் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். என் காதில் ஏறவில்லை. அந்த எட்டு வருஷத்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன். எனக்குத் தெரியாதா என்ன? என் வீட்டு வருஷங்கள்.

முதல் வருஷம் – புது மருமகள், உறவுக்காரர்கள் வீட்டு விருந்து. இரண்டாம் வருஷம் உமா பிறந்தாள். மூன்றாம் வருஷம், "பிள்ளை நடக்கட்டுமே" என்றேன். நான்காம் வருஷம் கடையைப் பக்கத்து அறைக்கும் சேர்த்துப் பெரிசாக்கினேன். மத்தியானம் கல்லாவில் உட்கார நம்பிக்கையான ஆள் வேண்டுமே... கோமதி உட்கார்ந்தாள். டாக்டர் பட்டம் வாங்கினவள் சூடத்தைப் பொட்டலம் கட்டினாள். அழகாகக் கட்டுவாள். எல்லாரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டினேன்! பிறகு என் அம்மா படுக்கையில் விழுந்தாள். மூன்று வருஷம். பக்கத்திலேயே இருந்து மலம் மூத்திரம் எடுத்துவிட்டவள் கோமதி. கடைசி வருஷம் அம்மாவின் திவசம் வரைக்கும் போகட்டும் என்று நாளைக் கடத்தினோம்.

ஒரு வருஷத்திலும் நான் "போகாதே" என்று சொன்னதில்லை. சத்தியம். "இப்போ வேண்டாமே" என்றுதான் சொன்னேன். எட்டு தடவை.

அந்தச் சிவப்புக் கோடு இருக்கிறதே... அதுதான் என்னைத் தூங்க விடவில்லை. நீலக் கட்டம் இல்லாத அந்த வெள்ளையில் கோடு மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதாவது, கோமதி எங்கள் வீட்டில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தபோது எங்கோ யாரோ அவள் எழுதியதைப் படித்திருக்கிறார்கள். 'கோமதி என்ன சொல்கிறார் என்றால்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் அவளிடம் "குழம்பு என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனேன். அம்பாள் சந்நிதி. அர்ச்சகர் எனக்குப் பழக்கம்.

"என்ன அண்ணாச்சி, புதன்கிழமை வந்திருக்கேரு? விசேஷமா?"

"ஒரு வேண்டுதல் சாமி. எட்டு வேணும்."

"எட்டு என்ன வேணும்?"

"ஹெச் இண்டெக்ஸ்."

அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்பாளுக்கு எல்லாம் தெரியும்வே. எனக்குத்தான் தெரியல. பேரு நட்சத்திரம் சொல்லும்."

"கோமதி. உத்திரம்."

அவர் உள்ளே போய்விட்டார். நான் கண்ணை மூடினேன். அப்போதுதான் உறைத்தது. சந்நிதியில் யாரும் இனிஷியல் கேட்பதில்லை. சு-வா, ஆ-வா என்று அம்பாளுக்குக் கவலை இல்லை. கவலைப்பட்டவன் நான்.

ஆமாம். இனிஷியலை மாற்றினது நான்தான். கல்யாணமான ஒரே மாசத்தில். வக்கீலிடம் போய், அபிடவிட் போட்டு, நாலு ஆபீஸ் அலைந்து, எல்லாக் காகிதத்திலும் 'சு'வை எடுத்துவிட்டு 'ஆ' போட்டேன். யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் அதுதானே வழக்கம்? பெண்டாட்டிக்கு என் பெயரின் முதல் எழுத்தைக் கொடுப்பதைவிடப் பெரிய சீர் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அந்தக் காகிதத்தைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு, கொஞ்சம் கதம்பம் வைத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பீரோவில் வைத்தாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேனா? ஞாபகம் இல்லை. தாம்பாளத்தைத்தான் பார்த்திருப்பேன்.

இத்தனை ஆண்கள் இதைப் படிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இனிஷியல் மாறினபோது யாராவது அவர்கள் முகத்தைப் பார்த்தீர்களா? சும்மா கேட்கிறேன்.

ஆக, கோமதிக்கு என் மேல் கோபம். அதனால்தான் தட்ட மாட்டேன் என்கிறாள். பிளஸ் டூ மூளைக்கு எட்டின முடிவு அது. தப்பான முடிவு என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

ஞாயிறு காலையில் குறுக்குத்துறைக்குப் போய் ஆற்றில் குளித்து முருகனைக் கும்பிடுவது என் வழக்கம். "நீயும் வாயேன்" என்றேன். ஆச்சரியமாகப் பார்த்தாள். வந்தாள்.

நான் முங்கி எழுந்து திருநீறு பூசும்வரை படியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீருக்குள் இருந்த படியை விரலால் வழித்து, அந்த வழவழப்பை வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.

"இதுல எத்தனை பேரு இருக்காங்க தெரியுமா?"

"தெரியாது. வழுக்கி விழுந்திருக்கேன், அது தெரியும்."

சிரித்தாள். நல்ல நேரம் என்று நினைத்துக் கேட்டுவிட்டேன்.

"ஏன் கோமதி சேர்க்க வேண்டாம்னு சொல்லுத?"

"செய்யது சொல்லிட்டாரா? வாயில ஒண்ணும் நிக்காதே அந்த ஆளுக்கு."

"இனிஷியலை நான்தான் மாத்துனேன். அந்தக் கோவமா?"

"கோவப்படுததுன்னா அன்னைக்கே பட்டிருக்க மாட்டேனா? அதுக்கு இத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருப்பேன்?"

விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். சு. கோமதியின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். தேட வேண்டியிருக்கவில்லை. முதல் பக்கத்திலேயே வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை விளக்கேத்திட்டு இதைத்தான் பார்ப்பேன். ஆறேழு வருஷமா."

அவள் போனில் ஸ்லோகம் படிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

"போன வாரம் முந்நூத்தி இருபத்திரண்டு. இந்த வாரம் ரெண்டு கூடியிருக்கு. போர்ச்சுகல்ல ஒருத்தரு. இன்னொண்ணு யாரோ சீனாவுல ஒரு சின்னப் பிள்ளை, அதுக்கு இதுதான் முத கட்டுரை போல. அவ சொன்னதைத்தான் ரெண்டு பேரும் எடுத்துப் போட்டிருக்காங்க."

"அவ-ன்னா?"

"அவதான்." திரையைத் தொட்டுக் காட்டினாள். "நான்னு எப்படிங்க சொல்ல? அவ விடியக்காலம் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு வருவா. பாபநாசத்துல இருந்து ஏரல் வரைக்கும் ஒவ்வொரு துறையா இறங்குவா. பஸ்ஸுல பக்கத்துல இருக்கவங்க எல்லாம் மூக்கைப் பொத்துவாங்க. அவளுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்."



"சேர்த்துட்டா நடுவுல ஓட்டை தெரியும். இப்போ ரெண்டு பேரு. ஒருத்தி அங்கன முடிச்சிட்டா. ஒருத்தி இங்கன பைய ஆரம்பிச்சா. ரெண்டு பேருகிட்டயும் ஓட்டை இல்ல பாருங்க. ஒருத்தியாக்கினாத்தான் ஓட்டை. அவளைக் கொண்டாந்து அந்த ஓட்டைக்குப் பக்கத்துல நிறுத்த மனசு வரமாட்டேங்கு. அதுவும் இல்லாம..." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தப் பேருக்கு முன்னால எங்கப்பா இருக்காங்க."

மாமனார் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மகள் பெயருக்கு முன்னால் அவர் மிச்சமிருக்கிற ஒரே இடம் அதுதான் போலிருக்கிறது.

ஈர வேட்டி காற்றில் சில்லென்று ஒட்டியது. முருகனை நினைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அவளைத்தானே கோமதி நான் பொண்ணு பார்க்க வந்தேன்."

திரும்பிப் பார்த்தாள்.

"உங்க வீட்டு ஜன்னல்ல வரிசையா பச்சைத் தண்ணி பாட்டில். எங்கம்மா, 'இதென்னம்மா ஊறுகாயா?'ன்னு கேட்டா. அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிச்சுது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால அப்படிச் சிரிச்ச பிள்ளையை நான் பார்த்ததே இல்ல. எங்கம்மாவுக்கு முகம் சுருங்கிட்டு. நான் வெளிய வந்து, கட்டினா இந்தப் பிள்ளையைத்தான் கட்டுவேன்னு சொன்னேன்."

"'இல்ல அத்தை, இதெல்லாம் உசுரு'ன்னு சொன்னேன்" என்றாள் கோமதி. 'சொன்னேன்' என்றாள். 'சொன்னா' என்று சொல்லவில்லை. அதை அவள் கவனித்தாளா தெரியாது. நான் கவனித்தேன்.

"அந்தப் பிள்ளையைத்தான் கூட்டிக்கிட்டு வந்தேன். பிறகு எங்க வச்சேன்னு தெரியல."

"நீங்க மட்டுமா? நானும்தான் தேடல" என்றாள். ஆனால் அழவில்லை. அவள் அழுகிற ரகம் இல்லை. அந்த வேலையை நான்தான் பார்த்துக்கொள்வேன், துண்டால் தலை துவட்டுகிற சாக்கில்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "எனக்கு அந்த ரூம் வேணும்ங்க. சாவி என் கையில இருக்கணும். நான் எப்போ நினைக்கேனோ அப்போ திறக்கணும்."

"வேணும்னா, அவளைக் கூப்பிடாம முடியாது போல இருக்கே."

"அதான்" என்றாள்.

படியிலேயே உட்கார்ந்து தட்டினாள். எழுதிய கட்டுரைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, 'இது உங்களுடையதா?' என்று இணையதளம் கேட்டது. ஐந்து தடவை 'ஆம்'. கடைசி 'ஆம்'க்கு மட்டும் கொஞ்சம் தாமதமானது.

வியாழக்கிழமை மத்தியானம் செய்யது கடைக்கே போன் போட்டார். "மாஷா அல்லா! சேர்ந்துட்டு அண்ணாச்சி! எட்டு! சொன்னேன்லா?" எனக்கு முன்னால் நெய்விளக்கு வாங்க வந்த அம்மாள் நின்றிருந்தார். என்னவோ பேரன் பிறந்த மாதிரி அவருக்கு இரண்டு விளக்கு சும்மா கொடுத்தேன். "என்ன விசேஷம்?" என்றார். "எட்டு வந்துட்டு" என்றேன். வாழ்த்திவிட்டுப் போனார். என்ன எட்டு என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுஷி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோமதி விளக்கேற்றினாள். கும்பிட்டாள். பழக்கத்தில் கை போனுக்குப் போனது. நான் பேப்பர் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். எதையோ தொட்டாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"என்ன கோமதி?"

"அந்தப் பக்கம் இல்லையாம்" என்றாள்.

போனைக் குப்புற வைத்துவிட்டு, விளக்குத் திரியைத் தூண்டினாள். நன்றாக எரிந்துகொண்டிருந்த திரிதான். என்ன சொல்லித் தேற்றுவது? உனக்கு முந்நூற்று எண்பத்தாறு ஆகிவிட்டது என்றா? கூட்டினால் எல்லாம் கூடத்தான் செய்கிறது. ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் நலம் விசாரித்துக்கொண்டிருந்த ஒருத்தி போய்விட்டாள். அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும்... கோமதிக்குள்தான். இருந்தாலும் அன்றைக்கு வீட்டில் ஓர் ஆள் குறைந்த மாதிரிதான் இருந்தது.

இந்த அளவைக் கண்டுபிடித்தவர் யாரோ, கெட்டிக்காரர்தான். ஒரு மனுஷியின் உழைப்பை ஒரே ஓர் எண்ணில் அடக்கிவிட்டார். நான் குறை சொல்லவில்லை. அந்த எண் இல்லாவிட்டால் போர்ச்சுகல்காரரை எனக்குத் தெரிந்திருக்காது. என் பெண்டாட்டி யார் என்றே தெரிந்திருக்காது. ஆனால் அவர் அந்த எண்ணைக் கண்டுபிடித்த அன்று, அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது யார்? அந்த அம்மாளுக்கு ஹெச் இண்டெக்ஸ் எத்தனை?

திங்கட்கிழமை கடைசி நாள். நூலகத்தில் செய்யது கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருந்தார். நானும் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தேன். எனக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

பெயர். பிறந்த தேதி. கட்டுரை – பதினான்கு. ஹெச் இண்டெக்ஸ் – எட்டு. பச்சை விளக்கு மாதிரி ஒரு டிக் விழுந்தது. செய்யது கை தட்டினார். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்த பலகைக்குக் கீழே நின்றுகொண்டுதான்.

அடுத்த பக்கத்தில், சிவப்பில் ஒரு கேள்வி வந்தது. 'கட்டுரைகளுக்கு இடையில் நீண்ட இடைவெளி காணப்படுகிறது. காரணம் தெரிவிக்கவும்.'



"நான் சொல்லுதேன்" என்றேன். "எழுது. வீட்டுக்காரர்..."

"எழுத முடியாது அண்ணாச்சி" என்றார் செய்யது, பைய. "அவங்க குடுத்திருக்கதுல ஒண்ணைத்தான் எடுக்கணும். எழுத இடமே கிடையாது."

நான்கு காரணம் இருந்தது. மகப்பேறு. உடல்நலக் குறைவு. வெளிநாட்டில் பணி. மற்றவை.

"மகப்பேறு போடட்டுமா மேடம்?"

"அது எட்டுல ஒரு வருஷந்தான் செய்யது. பாவம், உமா மேல எதுக்குப் பழி?"

கோமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இல்லை. ஏதோ விலாசம் சரிதானா என்று பார்க்கிற மாதிரி. பிறகு நான்காவதைத் தட்டினாள்.

நேர்காணல் அடுத்த மாசம். அறை கிடைக்குமா தெரியாது. அம்பாள் விட்ட வழி.

ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன் – அந்த விண்ணப்பத்தில் 'மற்றவை' என்று இருப்பது அடியேன்தான்.